வருஷம் திரும்பும்வரை யார் கையெழுத்து போடுவது?

அப்பா இறந்த வீட்டில் பெரியவர்கள் சொல்லும் முதல் அறிவுரை, "வருஷம் திரும்பட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்பது. வீடு, நிலம், நகை என்றால் அதில் நியாயம் இருக்கிறது. துக்கம் ஆறுவதற்குள் பங்கு பேசினால் வாய் தடிக்கும். ஆனால் அப்பா விட்டுப் போனது தினமும் ஓடுகிற ஒரு தொழிற்சாலை என்றால், தயவுசெய்து இந்த அறிவுரையைக் கேட்காதீர்கள். பங்கு பிரிக்க எத்தனை வருஷம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். யார் நடத்துவது, யார் கையெழுத்து போடுவது என்பதைக் காரியம் முடிந்த கையோடு உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள்.

எங்களுடையது கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன தேயிலை ஃபேக்டரி. சொந்த எஸ்டேட் கிடையாது. சுற்றியுள்ள ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், சிறு விவசாயிகள் பறித்துத் தரும் பச்சைத் தேயிலையை வாங்கி, தூளாக்கி, குன்னூர் ஏலத்துக்கு அனுப்புகிறோம். அப்பாவுக்குப் பிள்ளைகள் மூன்று பேர். அண்ணன் படிப்பு முடித்த நாளிலிருந்து ஃபேக்டரியிலேயே இருந்தவர். மகளான நான் கோவையில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தேன். தம்பி பெங்களூரில் ஐடி கம்பெனியில் இருக்கிறான். மூன்று பேருக்குமே ஃபேக்டரி மேல் உயிர். தகராறு வந்ததே அதனால்தான்.

இலையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காலையில் பறித்த இலையை அன்றைக்கே எடை போட்டு, ஃபேக்டரிக்குக் கொண்டுவந்து, வாட்டும் தொட்டியில் பரப்பி, ராத்திரி முழுக்கக் காற்று விட வேண்டும். சாக்கிலேயே அழுத்திக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். அதில் தூள் போட்டால் நிறமும் இருக்காது, மணமும் இருக்காது. பறிக்காமல் செடியிலேயே விட்டாலும் கொழுந்து முற்றிவிடும். சுமார் நாலரைக் கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள்தான் கிடைக்கும், அதனால் இலையில் வரும் நஷ்டம் அத்தனையும் தூளில் தெரியும். ஏலமும் வாராவாரம் நடக்கிறது. 1963இலிருந்து குன்னூரில் அப்படித்தான். எந்த வீட்டில் துக்கம் என்று ஏலம் பார்க்காது.

அப்பா போன பிறகு முதலில் முட்டியது பேங்கில். எங்கள் ஃபேக்டரி ஒரு பார்ட்னர்ஷிப் நிறுவனம். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, ஒரு கூட்டாளி இறந்தால் கூட்டாண்மை கலைந்துவிடும். அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேரும் போட்ட பழைய பத்திரத்தில் அப்படி ஒரு வரி இல்லை. கணக்கிலிருந்து பணம் எடுக்க வாரிசுச் சான்றிதழ், புதுப் பத்திரம், எல்லா வாரிசுகளின் கையெழுத்து என்று பேங்கில் கேட்டார்கள். அவர்கள் கேட்டது முறைதான். ஆனால் அதுவரைக்கும் இலைக்காரர்களுக்குப் பணம் எங்கிருந்து கொடுப்பது? அம்மா வளையலை அடகு வைக்கலாம் என்றார். பெரியப்பாவோ, "வருஷம் திரும்பாம பத்திரத்துல பேரை மாத்துனா ஊர் என்ன சொல்லும்?" என்றார்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள், எங்களுக்குப் பல வருஷமாக இலை கொடுக்கும் பெரியவர் ஒருவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கோபமே இல்லை. "நீங்க மூணு பேரும் நல்லாப் பேசி முடிங்கம்மா. நான் இலையை வேற ஃபேக்டரிக்குக் கொடுத்துக்கிறேன். ஃபீஸ் கட்டணும்" என்றார். அண்ணன் தம்பி தகராறு குடும்ப விஷயம், வெளியாள் பேசக் கூடாது என்பார்கள். அவர் வீட்டுப் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் எங்கள் வீட்டுத் தகராறில் மாட்டிக்கொண்டிருக்கும்போது அவரை எப்படி வெளியாள் என்பது? தேயிலை வாரியத்தின் விலைப் பங்கீட்டுக் கணக்கே விற்பனை விலையில் 65 சதவீதம் இலை கொடுத்தவருக்கு, 35 சதவீதம் ஃபேக்டரிக்கு என்றுதான் போடுகிறது. பெரிய பங்கு அவர்களுடையது.

அடுத்து வந்தது ரோலர் பிரச்சினை. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகிற சி.டி.சி. ரோலரில் வரிவரியாகப் பற்கள் இருக்கும். ஓட ஓட அவை மழுங்கும். கழற்றிக் கூர் தீட்ட வேண்டும். எப்போது கழற்றுவது என்பதை அப்பா யாரிடமும் கேட்டதில்லை. வெட்டி விழும் இலையை ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார், "நாளைக்குக் கழட்டு" என்பார், முடிந்தது. அவர் போன பிறகு அண்ணன் கழற்றச் சொன்னார். தம்பி பெங்களூரிலிருந்து போனில், இந்த மாதம் பணம் இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றான். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. மிஷின்காரர் இருவரையும் முதலாளி என்று நினைத்ததால் இருவர் பேச்சையும் கேட்கவில்லை. மழுங்கிய ரோலரிலேயே ஓடியது. தூள் உருண்டையாக வராமல் செதில் செதிலாக வந்தது. ஏலத்தில் எங்கள் லாட் விலை போகாமல் திரும்பியது. இவ்வளவுக்கும் அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. முடிவு எடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பெரிய குடும்பங்களுக்கும் இதே கதைதான். திருபாய் அம்பானி 2002இல் உயில் எழுதாமல் இறந்தார். பிள்ளைகள் இருவரின் பிணக்கு ஊரறிய வெடித்து, 2005இல் அம்மா கோகிலாபென் தலையிட்டுத்தான் தொழில் இரண்டாகப் பிரிந்தது. நம் ஊரில் முருகப்பா குழுமக் குடும்பத்தில், 2017இல் தந்தை எம்.வி. முருகப்பன் இறந்த பிறகு மகள் வள்ளி அருணாசலம் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020இல் பங்குதாரர்கள் அதை வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். சமரசம் வந்தது 2023இல். அத்தனை வக்கீல்களும் ஆடிட்டர்களும் வைத்திருப்பவர்களுக்கே இவ்வளவு காலம் என்றால், நம்மைப் போன்றவர்கள் காலம் கடத்துவது எந்த தைரியத்தில்?

மகள் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள், "பொண்ணு தானே, விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போட்டுட்டுப் போகட்டும்" என்றார்கள். பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதுதான் அது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அவருடைய தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. பிரைவேட் லிமிடெட் கம்பெனி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பங்குகளுக்கு நாமினியாகப் பெயர் போட்டிருப்பதாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை, உரிமை வாரிசுகளுக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பு சொல்லிவிட்டது. "மூத்தவன் பேர்ல நாமினி போட்டாச்சு, எல்லாம் முடிஞ்சது" என்று நிம்மதியாக இருக்கும் அப்பாக்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விடுதலைப் பத்திரத்தில் நான் கையெழுத்து போடவில்லை. அப்பாவின் பங்கில் என் கால் பங்கு எனக்கு வேண்டும், அதில் எனக்கு வெட்கமும் இல்லை. ஆனால் கால் பங்கு இருப்பதாலேயே ரோலரை எப்போது கழற்றுவது என்று சொல்ல எனக்கு உரிமை வந்துவிடாது. பங்கு பிறப்பால் வருகிறது. ஃபேக்டரி நடத்துவது தெரிந்தவர் செய்கிற வேலை. நம் குடும்பங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் மகளுக்குப் பங்கு கொடுக்கவும் பயப்படுகிறார்கள், மகனிடம் பொறுப்பை விடவும் தயங்குகிறார்கள்.

கடைசியில் அம்மாதான் எங்கள் மூவரையும் உட்கார வைத்தார். பெரியப்பாவிடம், "ஊர் சொல்றதை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். ஒரு தாளில் எழுதினோம். இலை, ஆட்கள், மிஷின் மூன்றிலும் அண்ணன் சொல்வதே முடிவு. பேங்க், ஏலக் கணக்கு, ஜி.எஸ்.டி. என் பொறுப்பு. தம்பி தினசரி விஷயத்தில் தலையிட மாட்டான், ஆனால் மாதாமாதம் முழுக் கணக்கும் அவனுக்குப் போக வேண்டும். ஒரு தொகைக்கு மேல் செலவென்றால் இரண்டு பேர் கையெழுத்து. வேலை செய்கிறவருக்குச் சம்பளம் தனி, லாபத்தில் பங்கு தனி. இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் அதிக நேரம் ஆனது. உழைக்கிற அண்ணனுக்கும் சும்மா இருக்கிற பங்காளிக்கும் ஒரே பணம் என்றால், அண்ணி எத்தனை நாள் பொறுத்துக்கொள்வார்? இதைப் பேசக் கூச்சப்பட்டு, மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கும் வீடுகள்தான் அதிகம்.

ஃபேக்டரியோ, பேக்கரியோ, லாரி செட்டோ, எது வைத்திருந்தாலும் சரி, அப்பாக்களிடம் நான் கேட்பது இதுதான். இந்த வாரமே உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நீங்கள் இறந்தாலும் நிறுவனம் தொடரும் என்று அதில் எழுதியிருக்கிறதா? கூட்டாளி இரண்டே பேர் என்றால் அந்த வரியும் உதவாது, இருக்கும்போதே மூன்றாவது ஆளைச் சேருங்கள். செக்கில் கையெழுத்து போட இன்னொருவருக்கும் அதிகாரம் கொடுங்கள். யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்திருக்கிறீர்கள் என்பதை உங்களுக்கு மட்டும் புரிகிற சுருக்கெழுத்தில் சட்டைப் பை நோட்டில் எழுதாதீர்கள். எங்கள் அப்பாவின் நோட்டை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வாங்கியவர்கள் நேர்மையானவர்களாக இருந்ததால் அவர்களே வந்து சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் பங்கு பிரிப்பது இன்னும் முடியவில்லை. தம்பி தன் பங்கைப் பணமாகக் கேட்கிறான். அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன் என்கிறார். வட்டி எவ்வளவு என்பதில் இழுபறி. ஜனவரியில் பனி விழுந்து இலை வரத்து குறையும்போது அம்மா முன்னால் மறுபடி உட்காருவதாக இருக்கிறோம். இன்றைக்கு வந்த இலை தொட்டியில் ஏறிவிட்டது.