லெகுவானைக் கொல்வது வீரமன்று

சென்ற ஞாயிறன்று, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் சாட்ஸ்வொர்த் ஓடைக்கரையில் மண்வெட்டியால் அடித்துக் கொல்லப்பட்ட லெகுவானின், அதாவது நைல் உடும்பின், படத்தை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் வாலைப் பிடித்துத் தூக்கி நின்றவர்களின் பெருமிதத்தை என்னால் இன்னும் செரித்துக்கொள்ள முடியவில்லை. அது யாரையும் துரத்தவில்லை. தண்ணீரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

குழந்தைகள் விளையாடும் இடம், அதனால்தான் கொன்றோம் என்கிறார்கள். நைல் உடும்புக்கு மனிதர் இரையல்லர். நண்டு, மீன், தவளை, முட்டை, செத்த பிராணிகள் ஆகியவையே அதன் உணவு. மடக்கினால் வாலால் அடிக்கும், பிடித்தால் கடிக்கும், அந்தக் கடி ஆழமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்’ என்று சொல்லிவைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைப் பிடிக்கப் போவானேன்?

அழியும் இனமில்லையே என்கிறார் இன்னொருவர். உலக அளவில் அது உண்மை. ஆயினும் தோலுக்காக வேட்டையாடப்படும் இந்த உயிரின் பன்னாட்டு வணிகத்தை சைட்டீஸ் என்னும் காட்டுயிர் வணிக உடன்படிக்கை கட்டுப்படுத்தியே வைத்திருக்கிறது. பெண் உடும்பு மழையில் இளகிய கறையான் புற்றைத் தோண்டி, 20 முதல் 60 வரை முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடும். கறையான்களே அந்தத் துளையை அடைத்து, உள்ளே வெப்பமும் ஈரமும் மாறாமல் பல மாதங்கள் காத்துக்கொடுக்கின்றன. புற்றுகளை இடித்து, கரையைச் சிமென்டால் மூடி, மிஞ்சியதையும் அடித்துக் கொன்றால், உலகக் கணக்கு நம் ஓடைக்கு என்ன செய்யும்?

என் தாத்தா ஸ்பிரிங்பீல்டில் உம்கேனி ஆற்றோரம் காய்கறித் தோட்டம் வைத்திருந்தார். கோழிமுட்டைகளை லெகுவான் தின்றுவிட்டதென்று பாட்டி கத்தும்போதெல்லாம், கூட்டுக்குக் கதவு சரியாகப் போடாதது தன் குற்றம் என்பாராம். பிறகு, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தைக் காட்டி, அந்த ஆற்றங்கரையில் இந்தியர்கள் இருக்கலாகாதென்று எங்களையே கிளப்பி இங்கே கொண்டுவந்து போட்டார்கள். இருந்த இடத்திலிருந்து துரத்தப்படுவது என்னவென்று அறிந்த தெரு இது. அதே தெருவிலிருந்துதான், பிள்ளை இல்லாதவளுக்குப் பிள்ளைகளின் அருமை எங்கே தெரியும் என்று எனக்கு எழுதியிருக்கிறார்கள். அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

லெகுவான் வந்தால் நாயைக் கட்டிவிட்டு, அது ஓட வழிவிட்டு நில்லுங்கள். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் பாம்பு பிடிப்பவரை அழையுங்கள். இந்தப் பதிவை நீக்கச் சொல்லித் தனிச்செய்தி அனுப்புகிறவர்கள், முதலில் அந்தப் படத்தை நீக்கச் சொல்லுங்கள்.