பழைய ஜிபிஏ மட்டும் போதாது
முதல் பட்டத்தில் நல்ல ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) இருந்தாலே அமெரிக்காவில் ஆக்ஸிலரேட்டட் பிஎஸ்என் (வேறு துறையில் பட்டம் பெற்றவர்கள் குறுகிய காலத்தில் முடிக்கும் நர்சிங் பட்டம்) படிப்பில் இடம் கிடைத்துவிடும் என்று ஒரு கட்டுரை சொல்வது பாதி உண்மைதான். ஐடியிலிருந்தோ வங்கியிலிருந்தோ வருபவர்களை முதலில் மடக்குவது முன்கூட்டியே முடித்திருக்க வேண்டிய பாடங்கள்: அனாடமி-பிசியாலஜி (உடலின் அமைப்பும் இயக்கமும்) 1, 2, மைக்ரோபயாலஜி, புள்ளியியல், பல இடங்களில் கெமிஸ்ட்ரியும். அதிலும் அறிவியல் பாடங்களை 5 அல்லது 7 ஆண்டுகளுக்குள் படித்திருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கின்றன. என்றைக்கோ வாங்கிய பொறியியல் மார்க் ஷீட் அங்கே எடுபடாது. அனாடமி 1 முடித்தால்தான் 2-இல் சேர முடியும், லேப் இல்லாத வகுப்பைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆக, இதற்கே ஏறக்குறைய ஒரு வருடம் போய்விடும். நர்சிங்கேஸ் (பல நர்சிங் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையச் சேவை) வழியாக விண்ணப்பித்தால் இன்னொரு சிக்கல்: ‘சி’ கிரேடு வாங்கிய பாடத்தை மறுபடி படித்து ‘ஏ’ வாங்கினாலும் இரண்டையும் சேர்த்தே ஜிபிஏ போடுவார்கள். இந்தியப் பட்டம் என்றால், அதை அமெரிக்கப் படிப்போடு ஒப்பிட்டுச் சொல்லும் சான்றிதழ் மதிப்பீட்டைப் பாடவாரியாகவே வாங்குங்கள், பொதுவான மதிப்பீட்டை வாங்கினால் திரும்பவும் பணம் கட்ட வேண்டிவரும். பல நர்சிங் கல்லூரிகள் கேட்கும் டீஸ் (TEAS) நுழைவுத் தேர்வு சும்மா ஒப்புக்குத்தான் என்று ஒருவர் சொல்வதும் சரியல்ல. 170 கேள்விகள், 209 நிமிடம். அறிவியல் பகுதியில் அனாடமி கேள்விகளே அதிகம். அனாடமி 2 முடித்த கையோடு எழுதுவதுதான் புத்திசாலித்தனம்.