அந்த 25 இலக்க எண் பற்றி ஒரு திருத்தம்

அண்ணே, 3608528850368400786036725 என்ற எண் 1 முதல் 25 வரை எல்லா எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும் என்று போட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் வரும்போது தொடக்கநிலை 4 படிக்கும் மகளிடம் காட்டினேன். ஈசூன் நிலையம் வருவதற்குள், "கடைசியில 5 இருக்கேப்பா, 2-ஆல எப்படி வகுபடும்?" என்று கேட்டுவிட்டாள்.

எண் என்னவோ அபூர்வமானதுதான், ஆனால் விஷயம் வேறு. இடப்பக்கத்திலிருந்து முதல் 2 இலக்கங்களை எடுங்கள்: 36, அது 2-ஆல் வகுபடும். முதல் மூன்று 360, அது 3-ஆல். 3608, 4-ஆல். ஏழு இலக்கம் எடுத்தால் 3608528, அதாவது 7 × 515504. (7-தான் பொதுவாகக் காலை வாரும், இங்கே அதுவும் சரியாக வருகிறது.) இப்படியே 25 வரை போகும். அதன்பின் எந்த இலக்கத்தை ஒட்டினாலும் 26-ஆல் வகுபடாது. நாம் 0 முதல் 9 வரை பத்து இலக்கங்களால் எழுதும் பத்தடிமான முறையில் இந்த வகை எண்களில் இதுவே மிகப் பெரியது.

அப்புறம், எக்செல்லில் சரிபார்த்தேன் என்றீர்களே, அங்கேதான் கோளாறு. எக்செல் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும். மீதிப் பத்தையும் பூஜ்ஜியமாக்கிவிடும். பூஜ்ஜியத்தில் முடிந்தால் 2-ஆல் வகுபடாமல் என்ன செய்யும்?

1 முதல் 25 வரை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச் சிறிய எண் 26771144400. வெறும் 11 இலக்கம்.