எராஸ்மஸின் கண்ணிமையும் அமிலத் தொட்டியும்

19-ஆம் நூற்றாண்டில் எச்சிங், அதாவது செம்புத் தகட்டில் அமிலம் அரித்த கோடுகளில் மை நிரப்பி அச்செடுக்கும் கலை, மீண்டெழுந்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாரிஸ் தெருக்களையும் ஆற்றங்கரைகளையும்தான் காட்டுவார்கள். எனக்கு அந்தக் கலையின் உண்மையான பரீட்சை ஓர் அறிஞரின் முகம். 1523-இல் ஓவியர் ஹோல்பைன் தீட்டிய அறிஞர் எராஸ்மஸ் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார்: பக்கவாட்டு முகம், கறுப்புத் தொப்பி, தாழ்ந்த இமை, எழுதும் வலக்கை, மோதிரம் போட்ட இடக்கை. பிரெஞ்சுக் கலைஞர் பிராக்மோன் அந்த ஓவியத்தை எச்சிங் ஆக்கினார். 1863-இல் பாரிஸின் அதிகாரபூர்வக் கலைக் கண்காட்சியான சலோன் அதை ஏற்கவில்லை. நிராகரிக்கப்பட்டவர்களின் கண்காட்சியில்தான் அது சுவரேறியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பதிப்பாளர் கடார் எச்சிங் கலைஞர்களுக்கெனச் சங்கம் தொடங்கியிருந்தார்.

ஜெர்மன் கலைஞர் டியூரர் 1526-இல் இதே எராஸ்மஸைச் செம்பில் உளியால் செதுக்கினார். உளிக்கோட்டின் ஆழம் கையின் அழுத்தத்தில் இருக்கிறது. எச்சிங் ஊசியோ மெழுகுப் பூச்சை மட்டுமே கீறுகிறது. செம்பை அரிப்பது அமிலம். ஆகவே ஆழத்தை முடிவு செய்வது நேரம்.

முகத்துக்கு நைட்ரிக் அமிலம் வேண்டாம் என்பேன். அது கோட்டைப் பக்கவாட்டிலும் அரித்து அகலமாக்கும். கோட்டின் மேல் குமிழி உட்கார்ந்தால் அந்த இடம் அரிபடாமல் கோடு அறுந்துவிடும். இறகால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். டச்சுக் கரைசல் மெதுவாக, நேராகக் கீழே இறங்கும்: தண்ணீர் 88 பங்கு, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10, பொட்டாசியம் குளோரேட் 2. குளோரேட்டை முதலில் வெந்நீரில் கரைத்துவிட்டு, பிறகு அமிலத்தை அதில் ஊற்ற வேண்டும். குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் கலக்கவே கூடாது.

சில நிமிடங்களிலேயே தகட்டை எடுத்துக் கழுவி, உலர்த்தி, இமைக்கோடுகளுக்கு வார்னிஷ் பூசி மூடிவிட வேண்டும். அடுத்து கன்னம், பிறகு கை. தொப்பியும் அங்கியும் கடைசிவரை கரைசலிலேயே கிடக்கட்டும். வெயில் நாளில் எல்லாம் வேகமாக அரிபடும். அதே செம்பில் ஒரு துண்டை முன்கூட்டியே சோதித்துப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

பலர் தோற்கும் இடம் அந்தத் தொப்பிதான். கறுப்பு வேண்டும் என்று கோடுகளை நெருக்கி நெருக்கிக் கீறினால், நடுவிலுள்ள மெல்லிய செம்புச் சுவர்கள் கரைந்து மொத்தமும் ஒரே அகலப் பள்ளமாகிவிடும். பள்ளத்தில் மை நிற்காது, துடைக்கும்போதே வந்துவிடும். கறுப்புத் தொப்பி சாம்பலாக அச்சாகும். கோடுகளை இடைவெளி விட்டுப் போட்டு, அரித்து, மறுபடி மெழுகு பூசிக் குறுக்கே இரண்டாம் அடுக்கு போடுவதுதான் வழி.

இன்னொன்று: அச்சில் படம் இடவலமாக மாறும். ஓவியத்தை அப்படியே தகட்டில் வரைந்தால் எராஸ்மஸ் இடக்கையால் எழுதுவார். கண்ணாடியில் பார்த்து வரையுங்கள்.

அச்செடுக்கும் முன் தகட்டின் மேல் உள்ள மையைத் துடைப்பதில்தான் எனக்குச் சண்டை. அந்தக் காலத்துப் பாரிஸ் அச்சகத்தார் தெலாத்ர், மெல்லிய துணியால் கோட்டிலிருந்து மையை மேலே இழுத்து ஒரு மங்கல் கொடுப்பார். அந்தி நேர ஆற்றுக்கு அது அழகு. எராஸ்மஸின் கன்னத்தில் அப்படிச் செய்தால் அமிலத்தில் செய்த அத்தனை வேலையும் மைப்படலத்துக்குள் மறைந்துவிடும். சாக்பொடி தடவிய உள்ளங்கையால் சுத்தமாகத் துடைத்து, ஈரத்தாளில் எடுங்கள். இமைக்குக் கீழே உள்ள கோடுகளை ஒவ்வொன்றாக எண்ண முடிய வேண்டும்.