ஸ்டீவ் இர்வினைத் திருக்கை விஷம் கொல்லவில்லை

ஆஸ்திரேலிய வனவிலங்குத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஸ்டீவ் இர்வினைப் பற்றிய “திருக்கை விஷம் ஏறித்தான் ஸ்டீவ் இர்வின் இறந்தார், ரசிகர்கள் பழிவாங்கியது நியாயம்” என்ற பதிவு இரண்டு இடத்தில் தவறு.

2006 செப்டம்பர் 4 அன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பேட் ரீஃப் என்ற பவளப்பாறைப் பகுதியில் அவர் இறந்ததற்குக் காரணம் விஷம் அல்ல. வாலின் ரம்ப முள் மார்பைத் துளைத்து இதயத்தைக் கிழித்தது. திருக்கை வேட்டைக்கு வாலை வீசுவதில்லை. ஆபத்து என்று மிரண்டால்தான் வீசும்.

அடுத்த சில நாட்களில் குயின்ஸ்லாந்து கடற்கரைகளில் குறைந்தது 10 திருக்கைகள் செத்துக் கிடந்தன, சிலவற்றின் வால் வெட்டப்பட்டிருந்தது. இதை அஞ்சலி என்று சொல்லாதீர்கள். அவர் தொடங்கிய வனவிலங்கு அமைப்பே வெளிப்படையாகக் கண்டித்தது. அவர் குடும்பம் நடத்தும் ஆஸ்திரேலியா ஜூ என்ற விலங்குக்காட்சிசாலையின் வாசலில் மலைபோல் குவிந்த பூக்கள்தான் மக்களின் துக்கம். அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடந்ததாகச் சொல்வதும் சரியல்ல; அரசு முன்வந்தது, அப்பா பாப் இர்வின் வேண்டாம் என்றார். செப்டம்பர் 20-இல் நடந்தது பொது நினைவுக்கூட்டம். இறந்த காட்சி ஒளிபரப்பப்படவே இல்லை, சுற்றும் வீடியோக்களைப் பகிராதீர்கள்.

காலில் திருக்கை முள் குத்தினால் 45 டிகிரிக்கு மேல் போகாத, பொறுக்கும் சூட்டு நீரில் 30 முதல் 90 நிமிடம் வையுங்கள். மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பிடுங்கினால் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காது.