ஜன்னல் பள்ளத்தில் கிடக்கும் காரீயம்

ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். நான் சொல்ல வருவது காரீயம், அதாவது ‘லெட்’ என்ற நச்சு உலோகம். அமெரிக்காவில் 1978இல் தடை வரும்வரை வீட்டுப் பெயின்ட்டில் கலந்தது இதுதான். இன்றும் சுமார் 3.1 கோடி பழைய வீடுகளில் அந்தப் பெயின்ட் இருக்கிறது, அவற்றில் 38 லட்சம் வீடுகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கிறார்கள் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு.

காரீயப் பெயின்ட்டை அகற்றிய பிறகு ஒரு சதுர அடியில் எவ்வளவு தூசி மிஞ்சலாம் என்ற வரம்பை 2024 அக்டோபரில் முகமை இறக்கியது. தரைக்கு 10 மைக்ரோகிராம் இருந்தது 5 ஆனது. ஜன்னல் திட்டுக்கு 100 இருந்தது 40. ஜன்னல் சட்டம் இறங்கி உட்காரும் பள்ளத்துக்கு 400 இருந்தது 100. ஒரு கிராம் காரீயத்தைப் பொடியாக்கித் தூவினால், ஆயிரம் சதுர அடி வீடுகள் இருநூறின் தரை இந்த 5ஐத் தொட்டுவிடும். அவ்வளவு நுண்ணிய விஷயம்.

இதை ரத்து செய்யத்தான் அமெரிக்க நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள், அதுவும் 1996ஆம் ஆண்டின் நாடாளுமன்ற மறுஆய்வுச் சட்டத்தின் வழியாக. என் கோபமெல்லாம் இந்த வழியின் மீதுதான். இதற்கு மேலவையான செனட்டில் வழக்கமாகத் தேவைப்படும் 60 ஓட்டு வேண்டாம், சாதாரணப் பெரும்பான்மை போதும். நிறைவேறினால் பழைய வரம்பு திரும்புவதோடு நிற்காது. புதுச் சட்டம் இயற்றப்படாமல், பெருமளவு இதையொத்த விதியை முகமை மறுபடி கொண்டுவரவே முடியாது. ஆனால் எவ்வளவு தூசி ஆபத்து என்ற அளவை உடல்நலத்தை மட்டும் பார்த்து வை, அகற்றிய பிறகான பழைய வரம்பை மறுபரிசீலனை செய் என்று 2021இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிமன்றம் செய் என்கிறது, தீர்மானம் செய்யாதே என்கிறது. இரண்டுக்கும் நடுவில் தரையில் தவழ்ந்த கையை வாயில் வைக்கிறது குழந்தை.

வீட்டுக்காரர்களுக்குச் செலவு என்கிறார்கள் விதியை எதிர்ப்பவர்கள். எல்லோரும் போய்ப் பரிசோதித்தே ஆகவேண்டும் என்று இந்த விதி சொல்லவில்லை. அகற்றும் வேலையை எடுத்தால் ஒழுங்காக முடி என்கிறது, அவ்வளவே. எட்ட முடியாத அளவு என்கிறார்கள். நியூயார்க் நகரம் 2021 முதல் இதே 5, 40, 100ஐத்தான் வைத்திருக்கிறது.

அகற்றும் வேலை முடிந்தபின் நடக்கும் தூசிச் சோதனையில் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் சுத்தம் செய்யும் முறை. முதலில் மேலிருந்து கீழாக ஹெப்பா வேக்குவம் (நுண்தூசியையும் பிடிக்கும் வடிகட்டி உள்ளது), பிறகு சோப்புத் தண்ணீரில் துடைப்பு, காய்ந்தபின் மறுபடி ஹெப்பா. சாதாரண வேக்குவம் நுண்தூசியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். ஒரே வாளித் தண்ணீரில் அலசி அலசித் துடைத்தால் ஓர் அறையின் காரீயம் அடுத்த அறைக்குப் போகும். முடித்த பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் விடவேண்டும், காற்றில் மிதப்பது படியட்டும். அப்புறம்தான் தரையில் 12 அங்குலத்துக்கு 12 அங்குலச் சதுரத்தில் மாதிரி எடுப்பது, ஒவ்வொரு மாதிரிக்கும் புதுக் கையுறையோடு.

இதெல்லாம் சரியாகச் செய்தும் சில மாதத்தில் தூசி திரும்புகிறதா? ஜன்னலைப் பாருங்கள். மேலும் கீழுமாகத் தள்ளும் பழைய மரச் சட்டம் ஒவ்வொரு முறையும் பெயின்ட்டை உரசிப் பொடியாக்கும். அந்த மரச் சட்டத்தை மாற்றாமல் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தால் பயனில்லை.

1978க்கு முன் கட்டிய வீட்டை அங்கே வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கு, தெரிந்த காரீய விவரத்தை ஒப்பந்தத்துக்கு முன்பே கொடுக்க வேண்டியது உரிமையாளரின் சட்டக் கடமை. பரிசோதனை அறிக்கை இருந்தால் கேட்டு வாங்குங்கள். அதில் ஜன்னல் பள்ளத்தின் எண்ணை முதலில் பாருங்கள்.