சோம்பல் பாதிக் காரணம்தான்

கல்லூரியில் ஜொலித்த கூடைப்பந்து வீரர்கள் அப்புறம் காணாமல் போவதற்குச் சோம்பலும் தலைக்கனமுமே காரணம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது பாதிதான் சரி.

காரைக்குடியில் எங்களுக்கு இரண்டு வருடம் சீனியர் ஒரு அண்ணன். ஆறடி இரண்டங்குலம். வளையத்துக்குக் கீழே பந்தைக் கொடுத்துவிட்டால் போதும், புள்ளி நிச்சயம். தேவகோட்டை, சிவகங்கை என்று எங்கே போனாலும் அவர் உயரத்துக்கு ஆள் கிடையாது. அதுவே வினையாகிவிட்டது. இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவோ, தூரத்திலிருந்து எறியவோ அவருக்குத் தேவையே வரவில்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை. சென்னையில் ஓர் அலுவலக அணித் தேர்வுக்குப் போனார். அங்கே கார்டு (பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்துகிறவர், பொதுவாக அணியில் குட்டையானவர்) ஆடுகிறவனே ஆறடி! இரண்டாம் நாளே பஸ் ஏறிவிட்டார். சிமெண்ட் தரையில் வருடக்கணக்காகக் குதித்ததில் முழங்கால் வேறு போயிருந்தது. இத்தனைக்கும் பயிற்சிக்கு ஒரு நாள்கூட மட்டம் போடாதவர். (அவர் ஆயா கொடுத்தனுப்பும் கந்தரப்பத்துக்காக நாங்களும் மட்டம் போட்டதில்லை.)

அமெரிக்காவிலும் இப்படி உண்டு. ஜிம்மர் ஃபிரடெட் 2011-இல் கல்லூரி ஆட்டங்களில் சராசரியாக அதிகப் புள்ளி எடுத்தவர். ஆனால் அங்குள்ள தொழில்முறை லீகான என்பிஏவில் நிலைக்கவில்லை. தடுப்பாட்டத்தில் அவர் சுமார் என்றார்கள். அதே ஆள் சீனாவுக்குப் போய்ப் புள்ளிகளாகக் குவித்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், 35 வயதில், மூவர் கூடைப்பந்தில் அமெரிக்காவுக்காக ஆடினார். இவரையும் சோம்பேறி கணக்கில் சேர்ப்பீர்களா?